முதல் வெளிநாட்டுப் பயணம், தலைக்கு அறுபதாயிரம்: மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் போக முடியுமா?

கேள்வி

"திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவான டிக்கெட் கிடைக்கிறது. நாங்கள் மூன்று பேர். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. தலைக்கு அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் மூன்றையும் நாங்களாகவே சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம். ஏஜென்ட் இல்லாமல் போனால் ஏமாந்துவிடுவோம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லுங்கள்."

ஜூன் 8, 2025

தாராளமாகப் போகலாம், தம்பி. ஏஜென்ட் தேவையில்லை.

டார்மிட்டரிக் கட்டில், தெருக்கடைச் சாப்பாடு, ரயில், பேருந்து என்று இருப்பவர்களுக்கு இந்த மூன்று நாடுகளும் இன்றும் கட்டுப்படியாகக்கூடியவைதான். பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் போய்வருகிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது வேறு: இளைஞர்களின் பணம் சாப்பாட்டிலும் படுக்கையிலும் கரைவதைவிட, விமான நிலையக் கவுன்டரிலும் எல்லைச் சாவடியிலும் விடியாத நேரத்துப் பேருந்து நிறுத்தத்திலும்தான் மொத்தமாகப் போகிறது, ஒரு தாள் சரியாக இல்லாததாலோ, ஒரு நிபந்தனையைப் படிக்காமல் விட்டதாலோ போகிறது. ஆகவே அறுபதாயிரத்தில் பதினைந்தாயிரத்தை இன்றே தனிக் கணக்கில் போட்டுவிட்டு, நாற்பத்தைந்தாயிரத்துக்குத் திட்டமிடுங்கள். அந்த ஒதுக்குப் பணம் எதற்கு என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நாற்பத்தைந்துக்குள் மூன்று நாடுகள் அடங்கவில்லையென்றால் இரண்டு நாடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒதுக்கியதில் கை வைக்காதீர்கள்.

ஜூன் 8, இரவு

டிக்கெட் எடுப்பதற்கு முன் மூன்று பேரின் பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து வைத்துப் பெயரைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வரும் முதல் தொல்லை பெயரில்தான் வருகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் அதில் உட்கார்ந்திருக்கும். விமான நிறுவனங்களின் இணையதளமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்கின்றன. சில வேறு குறியீட்டை எழுதச் சொல்கின்றன. நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அதை அப்படியே பின்பற்றி, அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு ஊரிலிருந்த ஒரு முகவர் டிக்கெட் போட்டுக் கொடுத்தபோது, பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துவிட்டார். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நான் எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மலிவு விமானங்களில் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். திருத்தக் கட்டணம் கட்டி, அழைப்பு மையத்தில் காத்திருந்து, கவுன்டர் மூடும் கணத்தில் நண்பருக்குப் போர்டிங் பாஸ் கிடைத்தது. ஒதுக்குப் பணத்தின் முதல் பயன் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தியது. உங்கள் வழியில் துபாய் இல்லைதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் பயணம் செய்யப்போகும் வயது உங்களுக்கு. பாஸ்போர்ட் மறுவெளியீட்டின்போது பெயரைப் பிரித்து இரண்டு கட்டங்களிலும் வரும்படி எழுதிக்கொள்வது நல்லது. பயணத்துக்கு முந்திய மாதத்தில் மட்டும் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஜூன் 10, 2025

விசா, வருகை அட்டை.

மலேசியா இந்தியர்களை 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலை 15இல் விசா இல்லாமல் 60 நாள் தரத் தொடங்கியது. ஆனால் விசா இல்லை என்றவுடன் வேறு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் அதிகம். மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். தாய்லாந்துக்கும் இந்த மே 1 முதல் அதேபோன்ற அட்டை கட்டாயமாகியிருக்கிறது. இரண்டையும் தரையிறங்குவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம்.

இலவசம் என்பதைக் கவனியுங்கள். கைப்பேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் பணம் கேட்கும் தனியார் தளங்கள்தாம். அரசுச் சின்னம்போல ஒன்றை வைத்துக்கொண்டு, "அவசரச் சேவை" என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். தாய்லாந்து அரசுத் தளம் 'ஜிஓ.டிஎச்' என்றும், மலேசியாவுடையது 'ஜிஓவி.எம்ஒய்' என்றும், வியட்நாமுடையது 'ஜிஓவி.விஎன்' என்றும் முடியும். அந்த முடிவைப் பார்த்த பிறகே விவரங்களைக் கொடுங்கள்.

வியட்நாமுக்கு இ-விசா கட்டாயம் வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள்வரை தருகிறார்கள். மறுத்தாலும் பணம் திரும்பாது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும் அந்த விசா செல்லாத தாளாகிவிடும். அது ஹனோய் விமானத்துக்கான கவுன்டரிலேயே தெரிந்துவிடும், ஹனோய்வரைகூடப் போக முடியாது. ஒருவர் நிரப்ப, இன்னொருவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துச் சரிபார்க்கட்டும். விசா வந்ததும் மறுபடி அதையே செய்யுங்கள்.

ஜூன் 13, 2025

மூட்டை. மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ, சிறு பையையும் சேர்த்து. திரும்பும் வழியில்தான் மாட்டிக்கொள்வார்கள். போகும்போது 6 கிலோவாக இருந்தது அங்கே வாங்கிய சட்டைகளால் 9 ஆகியிருக்கும், கவுன்டரில் கேட்கும் தொகை சட்டைகளின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செக்-இன் பெட்டிக்கான அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கடைசிப் பயணத்துக்கு மட்டும்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. சென்ற ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பிடித்து எரிந்த பிறகு, இந்தப் பகுதியின் பல நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை விதித்துவிட்டன.

ஜூன் 15, 2025

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று இடங்களில், மூன்று வடிவங்களில் கொண்டுபோங்கள் என்பது என் பதில். புதிய, மடிப்பில்லாத டாலர் நோட்டுகள் கொஞ்சம், வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் பயண அட்டை ஒன்று, வேறு வங்கியின் டெபிட் அட்டை ஒன்று. 2020க்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். அதை ஊரிலேயே செய்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்ய முயன்றால் ஓடிபி வராது, சிம்மில் ரோமிங் திறந்திருக்காது, ஒன்றுக்காக இன்னொன்று நிற்கும்.

தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கின்றன. நம் பணத்தில் ஐந்நூறு ரூபாயைத் தாண்டும். ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல், மூவரும் சேர்ந்து ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு திரையில் ஒரு கேள்வி வரும்: ரூபாயில் மாற்றிக் கணக்கிடட்டுமா, உள்ளூர்ப் பணத்திலேயே பிடிக்கட்டுமா என்று. ரூபாய் என்றதும் நமக்கு ஒரு நம்பிக்கை வரும். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். அங்கே காட்டும் மாற்று விகிதம் அந்த இயந்திரக்காரர் வைத்தது, எப்போதும் நமக்கு நட்டம். மாற்றம் வேண்டாம், பாட்டிலேயே பிடி என்று சொல்லுங்கள். கடைகளில் அட்டை தேய்க்கும் கருவியிலும் இதே கேள்வி வரும். சில இடங்களில் கடைக்காரர் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுவார். ரசீதில் எந்தப் பணம் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இன்னொரு விஷயம். அங்குள்ள சில இயந்திரங்கள் முதலில் பணத்தைத் தந்துவிட்டு அதன் பிறகுதான் அட்டையைத் திருப்பித் தருகின்றன. பணம் வந்ததும் நகர்ந்துவிடும் பழக்கமுள்ளவர்கள் அட்டையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள், சில விநாடிகளில் இயந்திரம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்னொரு வங்கியின் அட்டை வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

ஜூன் 19, 2025

வழி. கோலாலம்பூரில் இறங்கிப் பாங்காக்குக்கு விமானத்தில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்கு. பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனில் சில நாள் தங்கிவிட்டுப் பட்டர்வொர்த்துக்குத் திரும்பி, கொம்யூட்டர் ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார் போனால், ஒரே நிலையக் கட்டடத்துக்குள் மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் இருக்கின்றன. நடந்தே நாடு மாறிவிடலாம். பாடாங் பெசாரிலிருந்து மாலையில் பாங்காக்குக்குப் படுக்கை வசதியுள்ள இரவு ரயில் புறப்படுகிறது. சாயங்காலம் ஊழியர் வந்து இருக்கையை மடக்கி, வெள்ளை விரிப்பு போட்டு, திரைச்சீலை மாட்டிவிட்டுப் போவார். ஒரு இரவின் தங்குமிடச் செலவும் மிச்சம். கீழ்ப் படுக்கை அகலம் அதிகம், சன்னலும் உண்டு. சில நூறு ரூபாய் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால், டிக்கெட்டில் உள்ளது எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாங்காக்கில் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவாலம்போங் நிலையத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் க்ருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்கு வருகின்றன. பழைய வலைப்பதிவுகளைப் படித்துவிட்டு ஹுவாலம்போங்குக்குப் பக்கத்தில் அறை எடுக்காதீர்கள்.

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலையும் சேர்க்கலாமா என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். பாங்காக்கிலிருந்து அரண்யப்ரதேட் வழியாகத் தரைமார்க்கமாகப் போவது பழக்கமான வழி. ஆனால் மே மாத இறுதியில் எல்லையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் அமைதியாக இல்லை. இப்போதைக்கு டிக்கெட் எதுவும் எடுக்காதீர்கள்.

ஜூன் 25, 2025

தாய்லாந்து நேற்று முன்தினம் கம்போடிய எல்லைச் சாவடிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் மூடிவிட்டது. மேலே சொன்ன அங்கோர் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கம்போடியாவைத் தரைமார்க்கமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வியட்நாமிலிருந்து போகலாம். அங்கிருந்து வியட்நாமுக்கு மறுபடி நுழையப் பலமுறை விசா வேண்டும். முதல் பயணத்தில் இந்தச் சிக்கல் தேவையில்லை என்பது என் கருத்து.

ஜூலை 2, 2025

ஸ்கூட்டர். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் குறைந்த செலவுப் பயணிகளின் உயிரும் பணமும் மற்ற எதையும்விட இதில்தான் அதிகமாகப் போகின்றன.

வாடகைக்குத் தருபவர் உரிமத்தைக் கேட்கவே மாட்டார். அவர் கேட்கவில்லை என்பதால் சட்டம் கேட்காது என்றாகிவிடாது. இந்தியாவில் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆயிரம் ரூபாய்க்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. தாய்லாந்து அதை ஏற்கிறது, அதில் இருசக்கர வாகன முத்திரை இருந்தால். வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படும் அனுமதியை மட்டும். ஆகவே நீங்கள் முறையாக விண்ணப்பித்து வாங்கிய இந்திய அனுமதியோடு ஹனோயில் வண்டி ஓட்டினாலும், அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாமல் ஓட்டுபவர்தான். காவலர் பிடித்தால் அபராதத்தோடு போய்விடும். விழுந்து எலும்பு முறிந்தால், உரிமம் செல்லாது என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

தாய்லாந்தில் சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலை ஊருக்குப் போகும் சாலையில் 762 வளைவுகள் இருப்பதாகச் சட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். அந்த ஊர்க் கடைத்தெருவில் முழங்காலிலும் முழங்கையிலும் வெள்ளைக்கட்டு போட்ட இளைஞர்களை நான் பார்க்காத நாளே இல்லை. என்னோடு வந்த மதுரைத் தம்பி நம்மூர்ப் போக்குவரத்தில் நன்றாகப் பழகியவர். அங்கே மழைக்குப் பிறகு ஒரு வளைவில் சறுக்கி, வலது கெண்டைக்கால் உள்பக்கம் புகைக்குழாயில் பட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது. அந்த ஊர் மருத்துவமனையின் செவிலியர் காயத்தைப் பார்த்த உடனேயே, நாள்தோறும் பார்ப்பதுபோல, தட்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தம்பியிடம் அனுமதி முறையாக இருந்ததால் காப்பீடு பணம் கொடுத்தது. பயணத்தின் மீதி நாள்களை அவர் கடலில் கால் நனைக்காமல் கழித்தார்.

வாடகைக்கு எடுப்பவர்கள் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கவே கூடாது. நகலும் முன்பணமும் போதும் என்கிற கடைக்குப் போங்கள். எடுப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து, கடைக்காரரும் படத்தில் தெரியும்படி, பழைய கீறல்கள் அனைத்தையும் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் ஹா ஜியாங் மலைப்பாதையைப் பார்க்க ஆசைப்பட்டால் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு இருக்கிறது. செலவு கூடுதல்தான். ஆனால் மலையைப் பார்க்கவும் முடியும். ஓட்டுபவரால் சாலையை மட்டுமே பார்க்க முடியும்.

ஜூலை 6, 2025

வியட்நாமின் படுக்கைப் பேருந்துகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏறும்போதே செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நீளவாக்கில் மூன்று வரிசை, இரண்டடுக்கு. முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் நம் கால் நுழையும். ஆறடி உயரமுள்ளவர்களுக்கு இரவு முழுவதும் முழங்கால் மடங்கியே இருக்கும். பணமும் பாஸ்போர்ட்டும் உடம்போடு இருக்கட்டும். கால்மாட்டுப் பையில் வைக்காதீர்கள்.

சிக்கல் இறங்கும் இடத்தில்தான். ஹனோயிலிருந்து ஹுவேக்குப் போன ஒரு பேருந்து, காலை எட்டு மணிக்கு ஊருக்குள் விடுவதாகச் சொல்லியிருந்து, விடியற்காலை நான்கு மணிக்குப் புறவழிச்சாலை ஓரத்தில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. பைகள் சாலையில் விழும் முன்பே மோட்டார் சைக்கிள்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தூக்கக் கலக்கம், இருட்டு, புரியாத மொழி. என்னோடு இறங்கிய வெளிநாட்டு மாணவர் ஒருவர் 20,000 டாங் நோட்டு என்று நினைத்து 500,000 டாங் நோட்டை நீட்டினார். இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம், இரண்டும் பிளாஸ்டிக் நோட்டு. அறுபத்தைந்து ரூபாய்க்குப் பதிலாக ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். வாங்கியவர் விளக்கை அணைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆகவே வியட்நாமில் ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள், சில்லறைப் பையில் கலக்கவே கலக்காதீர்கள். நேரம் கெட்ட நேரத்தில் இறக்கிவிட்டால் பெட்ரோல் நிலையமோ தேநீர்க் கடையோ வெளிச்சமுள்ள ஓரிடத்துக்கு முதலில் நடந்து போங்கள். அங்கிருந்து கிராப் செயலியில் வண்டி அழைத்தால் விலை முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்கு இணையம் வேண்டும். எல்லை தாண்டும் முன்பே இ-சிம் போட்டு வைத்திருந்தால் அந்த நான்கு மணிக்கு அது கை கொடுக்கும்.

ஜூலை 7, 2025

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இரவுப் பயணம் தங்குமிடச் செலவை மிச்சப்படுத்தும் என்று ரயிலைப் பற்றிச் சொன்னேன். பேருந்துக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் எனக்குச் சரியாகப் படவில்லை. விடியற்காலை வந்து சேர்ந்தவர்களுக்கு அறை மதியம்தான் கிடைக்கும். அதுவரை உட்கார ஒரு கடை, குடிக்க ஒன்று, பாதிப் பகல் தூக்கம் என்று மிச்சப்படுத்தியது அனைத்தும் போய்விடுகிறது. ஹனோய், ஹுவே, டா நாங் இடையே ரயில் இருக்கிறது. அதையே எடுங்கள்.

ஜூலை 12, 2025

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று உங்கள் மூவரில் ஒருவரின் அம்மா கேட்கச் சொல்லியிருக்கிறார். கிடைக்கும், அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். தாய்லாந்தில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடைகளில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள்; அவர்களுக்கு அது உப்பு மாதிரி. வியட்நாமில் 'சாய்' உணவகங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்குள்ள பௌத்தர்கள் பலர் அமாவாசையை ஒட்டிய சந்திர மாத முதல் நாளிலும் பௌர்ணமியிலும் சைவம் சாப்பிடுவதால், அந்த நாள்களில் அசைவக் கடைகள் சிலவற்றிலும் சைவச் சோறு போடுவார்கள். தட்டில் சோறும், நாம் கைகாட்டும் நான்கைந்து கறிகளும். மலேசியாவில் இந்தக் கவலையே வேண்டாம்; கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்குக் குட்டி இந்தியாவிலும் வாழையிலைச் சோறு கிடைக்கும், கேட்பதைத் தமிழிலேயே கேட்கலாம்.

ஜூலை 16, 2025

குரங்குகள். பத்துமலைப் படிகளில் ஏறும்போது கையில் பிளாஸ்டிக் பை, வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் எதுவும் தெரியக் கூடாது. தாய்லாந்தின் லோப்புரியில் என்னுடன் வந்தவரின் தோளில் ஏறிய குரங்கு பையை இழுத்தபோது நகத்தால் கீறிவிட்டது. சிறு கீறல்தான், இரண்டு சொட்டு ரத்தம். "விடுங்கண்ணே, ஒண்ணுமில்ல" என்றார். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே ஒன்றுமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவச் செய்து, அடுத்த ரயிலிலேயே பாங்காக் வந்தோம். அங்கே தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நினைவு நிறுவனத்தில் இதற்கென்றே தடுப்பூசிப் பிரிவு இருக்கிறது. பாம்புப் பண்ணை உள்ள அதே வளாகம். காயத்தைப் பார்த்து, முதல் ஊசி போட்டு, அடுத்த ஊசிகளின் தேதிகளை எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். நாங்கள் பயந்ததைவிடச் செலவு மிகக் குறைவு. அட்டையைக் காட்டி அடுத்த ஊசியைப் பினாங்கிலும் கடைசி ஊசியை ஊரில் அரசு மருத்துவமனையிலும் போட்டுக்கொண்டார். நாய் கடித்தாலும் இதே வழிதான். பயணத் திட்டம் குலைகிறதே என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜூலை 21, 2025

சனிக்கிழமை ஹா லாங் வளைகுடாவில் புயல்காற்றில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். மனம் கனக்கிறது. நீங்கள் போகப்போவது அதே பருவத்தில். படகுப் பயணத்தை ஹனோய்க்குப் போன மறுநாளே வைக்காமல், பின்னால் இரண்டு நாள் கையிருப்பு இருக்கும்படி வையுங்கள். வானிலை சரியில்லை என்று தோன்றினால் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள்; ஒதுக்குப் பணம் அதற்கும்தான். ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் போடாவிட்டாலும்.

ஜூலை 29, 2025

வியாழக்கிழமை தொடங்கிய தாய்லாந்து–கம்போடியச் சண்டை நேற்று நள்ளிரவோடு நின்றதாக அறிவித்திருக்கிறார்கள். பாங்காக்கும் தெற்கு ரயில் பாதையும் அந்த எல்லையிலிருந்து வெகு தூரம். பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. கிழக்கு எல்லை மாவட்டங்களுக்கு மட்டும் போகாதீர்கள். போர் நடக்கும் இடங்களைப் பயணக் காப்பீடு பொதுவாக ஏற்காது.

பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஹனோயில் எங்கள் குழுவில் ஒருவருக்கு நேர்ந்தது. முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார். அதற்குத் தங்கியிருந்த விடுதியின் உறுதிக் கடிதம் தேவைப்பட்டது. பிறகு இந்தியத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம். அதோடு முடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சான்றில் வியட்நாம் விசா இருக்காதல்லவா? எனவே நாட்டைவிட்டு வெளியேற வியட்நாம் குடிநுழைவுத் துறையிடம் தனியாக வெளியேறும் விசா வாங்க வேண்டும். வேலை நாள்கள் ஓடிக்கொண்டே இருந்தன, நடுவில் சனி ஞாயிறு வேறு. அந்தச் சான்று இந்தியாவுக்குத் திரும்பும் ஒரு பயணத்துக்கு மட்டுமே செல்லும். அவர் கையிலிருந்தது கோலாலம்பூரில் இறங்கி வேறு டிக்கெட்டில் ஏறும் பயணம். அதற்கு மலேசியாவுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், அது முடியாது. நேராக இந்தியாவுக்கு வரும் விமானத்தில் புதிய டிக்கெட் வாங்கினார். பதினைந்தாயிரம் என்று நான் சொன்ன தொகை அந்த நாளை மனத்தில் வைத்துச் சொன்னது.

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல்கள், இரண்டு புகைப்படங்கள், வியட்நாம் விசா நகல் ஆகியவற்றை வேறு பையில் வையுங்கள், மின்னஞ்சலிலும் வையுங்கள். ஒருவருடைய நகல் மற்ற இருவரிடமும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1, 2025

இதை எழுதாமல் உங்களை அனுப்ப எனக்கு மனம் இல்லை. டார்மிட்டரியிலோ டெலிகிராமிலோ யாராவது, "இங்கேயே வேலை இருக்கிறது, தட்டச்சு தெரிந்தால் போதும், மாதம் எண்பதாயிரம்" என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2022இல் தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மே சோட் வழியாக ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்க முடிந்தது. சுற்றுலாவாக நுழைந்தவர் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம். சட்டவிரோதமாக ஒன்றைச் செய்யச் சொல்கிறவர் அடுத்து என்ன சொல்வார் என்று யோசியுங்கள். "நேர்காணலுக்கு எல்லை ஊர்வரை வண்டி அனுப்புகிறோம்" என்று வந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தின் உதவி எண்ணை வீட்டிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4, 2025

டார்மிட்டரி லாக்கருக்கு எந்த அளவுப் பூட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். வளையம் மெல்லியதாக இருக்கட்டும். நம் வீட்டுக் கதவுப் பூட்டு அந்தத் துளையில் நுழையாது. எண் பூட்டாக வாங்குங்கள், சாவி தொலையாது. தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிற இன்னொரு வாசகருக்கு: பெண்களுக்கு மட்டுமான அறை பெரும்பாலான விடுதிகளில் உண்டு, முன்பதிவின்போதே தேர்ந்தெடுக்கலாம். வருகை அட்டையை மூவரும் அவரவர் பாஸ்போர்ட் விவரங்களோடு நிரப்ப வேண்டும்; ஒருவர் நிரப்பினால் மற்றவர்களுக்கும் ஆகிவிடாது. மலேசியாவுக்கானதை நாளையே முடித்துவிட்டு, தாய்லாந்துக்கானதைப் பினாங்கில் இருக்கும்போது நிரப்புங்கள்.